அலுமினிய வசிப்பறை ட்ரெய்லரின் தரை அரித்துவிட்டது: மேலே தகடு போடுவதா, பலகையையே மாற்றுவதா?

தென்காசியான்_டெக்சஸ்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே வெதர்ஃபோர்டு பக்கம் வசிக்கிறோம். மகள் பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் விரையும் பேரல் ரேஸிங் போட்டிகளில் கலந்துகொள்வதால், வார இறுதிகளில் குதிரையையும் அழைத்துக்கொண்டு வெளியூர் சென்று அங்கேயே தங்க வேண்டியிருக்கிறது. அதற்காக 2006ஆம் ஆண்டு தயாரிப்பான கூஸ்நெக் ட்ரெய்லர் (பிக்கப் வண்டியின் பின்தளத்தில் கொக்கி மாட்டி இழுப்பது) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். வண்டி முழுவதும் அலுமினியம். பின்பகுதியில் மூன்று குதிரைகள் சாய்வாக நிற்க இடம் உண்டு. முன்பகுதியில் படுக்கை, சமையல் மேடை, குளியலறை ஆகியவற்றோடு வசிப்பறை அமைந்திருக்கிறது.

குதிரைப் பகுதியில் ரப்பர் மேட்டுகளைத் தூக்கிப் பார்த்தபோது கடைசித் தடுப்பின் ஓரமாக வெள்ளை மாவு போன்ற படிவு கனமாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டியதும் அடியில் மிளகளவுக் குழிகள் நெருக்கமாகத் தெரிந்தன. ஓரிடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். அது அலுமினியத் தரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தபோது, குளியலறைக்கு நேர்கீழே உள்ள குறுக்குச் சட்டம் பக்கச் சட்டத்தோடு சேரும் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசலும், அதைச் சுற்றிக் கறுப்பு நிறத் தீற்றலும் தெரிந்தன. குளியலறைக் கதவுக்கு முன்னால் கால் வைத்தால் வசிப்பறைத் தரையும் அமுங்குகிறது.

அருகிலுள்ள ஒரு பட்டறையில் காட்டினேன். குதிரைப் பகுதி முழுவதற்கும் மேலே புடைப்புத் தகடு ஒன்றைப் போட்டு ஓரங்களை வெல்டிங் செய்துவிடலாம், வசிப்பறையில் புதிய ப்ளைவுட் போட்டால் போதும் என்கிறார்கள். செலவு குறைவுதான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

லாயம்_ஓக்லஹோமா

அண்ணா, மற்ற யோசனைகளெல்லாம் பிறகு. இந்தத் தரை சரியாகும் வரை குதிரையை அதில் ஏற்றாதீர்கள். பக்கத்துத் திடல்தானே, பத்து நிமிடப் பயணம்தானே என்றுகூட நினைக்க வேண்டாம். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையின் பாரம் நின்றிருக்கும்போதுதான் நான்கு குளம்புகளில் பகிர்ந்து விழும். நீங்கள் பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் அது ஒன்றிரண்டு குளம்புகளுக்கு மாறிவிடும். லாடம் அடித்த குளம்பு என்றால் அந்தப் பாரம் இன்னும் சிறிய பரப்பில் விழும். ஓடும் வண்டியில் தரை உடைந்து, குதிரையின் கால் சாலையில் தேய்ந்துபோன விபத்துகளைக் குதிரை வளர்ப்பவர்கள் அறிவார்கள். ஸ்க்ரூ டிரைவர் இறங்கிய இடத்தில் குளம்பு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

உங்கள் வண்டியில் அரிப்பு ஏன் அந்த ஓரத்தில் மட்டும் கடுமையாக இருக்கிறது என்பதற்கும் காரணம் சொல்ல முடியும். அலுமினியத்தைக் காப்பது அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். பி.ஹெச். அளவு ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை இருக்கும் சூழலில் அந்தப் படலம் நிலைக்கும். குதிரையின் சிறுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது; அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும்போது காரம் இன்னும் ஏறிப் படலம் கரையத் தொடங்குகிறது. ரப்பர் மேட்டுக்கு அடியில் காற்றும் போகாது, ஈரமும் காயாது. மரத்தூள் சேர்ந்துவிட்டால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டியின் சாய்வுக்கு ஏற்பச் சிறுநீர் வந்து தேங்கும் மூலையில்தான் பலகை முதலில் போகும்.

வாடை போவதற்காக லாயத்தில் தூவும் நீற்றுச் சுண்ணாம்பை அலுமினியத் தரையில் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அதுவும் கடும் காரம்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி, அம்மோனியா நெடி அடங்காவிட்டால் நன்றாக நீர்த்த வினிகரைத் தெளித்து மீண்டும் நல்ல தண்ணீரால் அலசுவது போதும்.

அர்கான்_திருவெறும்பூர்

திருச்சியில் வெல்டிங் கற்று, இப்போது ஹூஸ்டனில் அலுமினிய வேலை மட்டும் செய்து வருகிறேன். தென்காசி நண்பரே, நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைகொள்ள வைப்பது குறுக்குச் சட்டத்தில் தெரியும் விரிசல்தான். பலகையில் விழுந்த ஓட்டை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் அந்தப் பலகை தாங்கும் பாரம் முழுவதையும் வாங்கிப் பக்கச் சட்டத்திடம் ஒப்படைப்பது குறுக்குச் சட்டம். அதன் முனை விட்டுவிட்டால் பாரம் அடுத்தடுத்த சட்டங்களுக்கு நகர்ந்து அவற்றையும் சோர்வடையச் செய்யும். இவ்வகை ட்ரெய்லர்கள் பலவற்றில் லாரிக்கு இருப்பதைப் போலத் தனியான சேஸிஸ் கிடையாது. தரை, பக்கச் சுவர், கூரை மூன்றும் சேர்ந்துதான் வண்டியை நேராக நிறுத்துகின்றன. ஆகவே தரையில் கைவைப்பது வண்டியின் எலும்பில் கைவைப்பதாகும்.

விரிசலைச் சுற்றி நீங்கள் பார்த்த கறுப்புத் தீற்றலை அழுக்கென்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு அலுமினியப் பரப்புகள் நுண்ணளவில் ஒன்றோடொன்று உரசும்போது வெளிவரும் தூள் கறுப்பாகத்தான் இருக்கும். அந்த இணைப்பு ஓட்டத்தில் அசைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

விரிசல் ஏன் வெல்டிங் ஓரத்தில் வந்தது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய சட்டங்களுக்குப் பரவலாகப் பயன்படும் 6061-டி6 கலவை, நிலையாக வளையத் தொடங்கும் முன் சுமார் 240 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும். அதன் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது என்பதால், வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில், அதாவது ஒட்டின் இருபுறமும் சுமார் ஓர் அங்குலத்துக்கு, அந்த வலிமை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதோடு, எஃகுக்கு இருப்பதைப் போல இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் உடையாது என்ற எல்லை அலுமினியத்துக்கு இல்லை. சிறிய ஆட்டமும் கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஒரு நாள் விரிசலாகும்.

இப்போது பட்டறைக்காரர் சொன்ன தகட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். மேலே தகடு போட்டால் ஓட்டை மறையும். ஆனால் பலகைக்கும் தகட்டுக்கும் இடையே புகும் சிறுநீர் வெளியேற வழியின்றி அரிப்பைத் தொடரும், அதை நீங்கள் இனி பார்க்கவும் முடியாது. தகட்டின் ஓரத்தை நல்ல பலகைகளின் குறுக்கே வெல்டிங் செய்தால், ஆரோக்கியமாக இருந்த பலகைகளிலும் வலிமை குறைந்த கோடு ஒன்றை நாமே போட்டவர்களாவோம். இவ்வளவும் செய்த பிறகும் குதிரையின் பாரம் போய்ச் சேருவது அதே விரிசல் விட்ட சட்டத்துக்குத்தான். இதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்க என்னால் முடியாது.

முதலில் சேதத்தின் எல்லையைக் கண்டறியுங்கள். மேட்டுகள் அனைத்தையும் வெளியே எடுத்து, உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்புக்கு வித்திடும். அல்ட்ராசானிக் தடிமன்மானி கொண்டு, எதுவும் கெடாத பலகையின் தடிமனை அளந்து மற்றவற்றோடு ஒப்பிடலாம். விரிசல்களுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை இருக்கிறது: சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று சிவப்புக் கோடாகத் தெரியும். ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது என்றால் எல்லாச் சட்டங்களின் இரு முனைகளையும் சோதிப்பதே முறை.

தச்சுப்பட்டறை_ஒன்டாரியோ

வசிப்பறைத் தரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அமுங்கும் ப்ளைவுட்டை மாற்றுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் புதிய ப்ளைவுட்டும் அதே வழியில்தான் போகும். ஷவர் தட்டின் வடிகால், கழிப்பறையின் அடி வளையம், தண்ணீர் சூடேற்றியின் பின்புற இணைப்பு, கூரை மடிப்புகளின் சீலண்ட், வண்டியின் முன்முனையான மூக்குப் பகுதியின் ஜன்னல்கள் என்ற வரிசையில் நான் தேடுவேன். கூரையில் நுழைந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கித் தொலைவில் வெளிப்படும் என்பதால், ஈரம் தெரிகிற இடத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று. பழைய ப்ளைவுட்டை எடுக்கும்போது அது இலேசான பச்சை நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த பதப்படுத்தல் 2003ஆம் ஆண்டு முடிவோடு பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த முறைகளில் செம்பின் அளவு அதிகம். செம்பு கலந்த ஈர மரம் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். மரம் மக்கிவிடக்கூடாதே என்று நல்லெண்ணத்தோடு பதப்படுத்திய ப்ளைவுட்டைப் போடுகிறவர்கள் மரத்தைக் காப்பாற்றி வண்டியை இழக்கிறார்கள்.

தென்காசியான்_டெக்சஸ்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லாயம் தங்கை சொன்னபடி குதிரையை ஏற்றுவதை நிறுத்திவிட்டோம். போட்டிகளுக்கு நண்பர் ஒருவரின் வண்டியில் இடம் கேட்டிருக்கிறோம்.

நீங்கள் கூறியவாறே திறந்து பார்த்தேன். ஷவர் வடிகாலின் வளைகுழாய் இணைப்பு தளர்ந்து, ஒவ்வொரு குளியலின்போதும் கசிந்திருக்கிறது. அதற்கடியில் இருந்த ப்ளைவுட் கறுத்து ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. தச்சரண்ணன் ஐயப்பட்டது போலவே அது பச்சை நிறப் பதப்படுத்திய ப்ளைவுட்தான். முன்பு யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது படிந்திருந்த சட்டங்களின் மேற்புறத்தில், ப்ளைவுட்டின் ஓரம் எதுவரை வந்ததோ அதுவரை குழிகள் விழுந்திருக்கின்றன, அதற்கப்பால் உலோகம் பளபளப்பாகவே இருக்கிறது. மரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து வைத்தாற்போல் அந்த எல்லை துல்லியமாகத் தெரிகிறது.

சாயச் சோதனையில் மேலும் ஒரு சட்டத்திலும் விரிசல் தெரிந்தது. அந்த இரண்டு சட்டங்களிலும்தான் கழிவுநீர்த் தொட்டியின் இரும்புத் தொங்கிகள் போல்ட்டால் நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. தொட்டியின் கொள்ளளவு 30 கேலன். குதிரைப் பகுதியில் சட்டங்கள் நன்றாகவே இருக்கின்றன; பின்னோரப் பலகைகள் மட்டும் மெலிந்திருக்கின்றன.

பொறியாளர்_டெட்ராய்ட்

30 கேலன் என்றால் சுமார் 114 கிலோ தண்ணீர். அது அலைந்து குலுங்கும் பாரம் என்பதால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் தொங்கியை இழுத்து இழுத்து விடும். அப்படியானால் விரிசலுக்கான காரணம் ஏறக்குறைய கிடைத்துவிட்டது: மேலே செம்பு ஊறிய மரம் சட்டத்தை மெலியச் செய்தது, கீழே தொட்டி அதை ஆட்டியது, துளையிட்டு இரும்பைப் பூட்டிய இடத்தில் சாலை உப்பு பட்டு, இரு வேறு உலோகங்கள் தொடுவதால் வரும் மின்வேதி அரிப்பும் சேர்ந்துகொண்டது. கொலராடோ பக்கம் போய் வந்த வண்டியாக இருந்தால் இது இன்னும் கூடுதலாக இருக்கும். அங்கே சாலைப் பனியைக் கரைக்கத் தெளிக்கப்படும் மெக்னீசியம் குளோரைடு எளிதில் உலராமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு மாற்றுக் கருத்தையும் முன்வைக்க விரும்புகிறேன். வெல்டிங்கால் வலிமை பாதியாகிறது என்று வெல்டர் ஐயாவே சொல்லிவிட்டார். அப்படியிருக்க, விரிசல் விட்ட முனைகளை மறுபடியும் வெல்டிங் செய்வதைவிட, இரண்டு பக்கமும் கோணச் சட்டம் வைத்து, கட்டமைப்புக்குரிய பசையும் போல்ட்டும் சேர்த்து இணைப்பது மேலல்லவா? விமானங்களின் அலுமினிய உடற்பகுதி பெரும்பாலும் ரிவெட்டால்தானே இணைக்கப்படுகிறது?

அர்கான்_திருவெறும்பூர்

பொறியாளர் ஐயாவின் கேள்வி நியாயமானது, பாதியை ஏற்றுக்கொள்கிறேன். பசையும் போல்ட்டும் சேர்ந்த இணைப்பு சூட்டால் கெடாது. உலோகப் பரப்பு தூய்மையாக இருந்தால் நீண்ட காலம் உழைக்கும். தொட்டித் தொங்கிகளுக்கு அதையே நானும் பரிந்துரைப்பேன். ஆனால் சட்டத்தின் முனையில் பழைய வெல்டிங் ஏற்கெனவே இருக்கிறது, அதாவது அங்கே உலோகம் ஏற்கெனவே இளகியிருக்கிறது. அதன் மேல் கோணச் சட்டம் வைத்தாலும், விரிசலும் குழிகளும் உள்ள சட்டத்தையே நம்பியிருக்க வேண்டும். குழி விழுந்த உலோகத்தில் பசை பிடிக்குமா என்பதிலும் எனக்கு உறுதி இல்லை. ஆகவே இந்த இரண்டு சட்டங்களையும் முழு நீளத்துக்கு எடுத்துவிட்டுப் புதிய சட்டம் வைப்பதே என் தீர்ப்பு. புதிய சட்டத்தின் முனையில் அகலமான இணைப்புத் தகடு ஒன்றை வைத்து, வெல்டிங்கை வளைவு விசை மிகுந்த மேல், கீழ் விளிம்புகளிலிருந்து விலக்கி நடுப்பகுதியில் கொண்டுவந்தால், வலிமை குறைந்த கோடு குறைந்த பாரம் உள்ள இடத்தில் விழும்.

வெட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வெட்டும் இடத்தின் இருபுறமும் பக்கச் சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு சட்டங்களையும் ஒரே நேரத்தில் எடுக்காமல், ஒன்றை முடித்தபின் மற்றதைத் தொட வேண்டும். இழுக்கும் வண்டியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி இணைப்பு, மின்மாற்றி, சூடேற்றியின் மின்பலகை ஆகியவற்றைத் துண்டித்துவிடுங்கள். வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கவ்வி வேலை நடக்கும் இடத்துக்கு ஓரடி தொலைவுக்குள் இருக்கட்டும். மின்சாரம் சக்கர பேரிங் வழியாகச் சுற்றி வந்தால் பேரிங் கெட்டுவிடும். கேஸ் சிலிண்டர்களை வண்டியிலிருந்தே இறக்கிவிட வேண்டும். சுவருக்குள் இருக்கும் ஃபோம் காப்புப் பொருள் சூட்டில் புகைந்து பற்றக்கூடியது, அதன் புகையும் நச்சு. எனவே வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி அதை வெட்டி அகற்றி, வேலை முடிந்த பின்னும் சிறிது நேரம் ஒருவர் காவல் இருப்பது அவசியம்.

பலகைகளைப் பொறுத்தவரை, அவை ஒன்றோடொன்று நாக்கும் பள்ளமுமாகக் கோத்துக்கொள்ளும் எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியே அழுத்தித் தள்ளி உருவாக்கிய) பலகைகள். அதே வடிவம் கிடைக்கிறதா என்று வண்டியின் தயாரிப்பாளரிடம் வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணோடு கேளுங்கள். கிடைக்காவிட்டால் உயரம் சமமான வேறு பலகையை வைத்து ஓரத்தில் சமன்படுத்தலாம். பழைய பலகையை வெட்டும் இடம் எப்போதும் ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல் அமைய வேண்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே, காற்றில் தொங்கும் இடத்தில் ஒட்டு விழுந்தால் குதிரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டு வளையும்.

வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் நிரப்புக் கம்பியாக 5356 என்ற எண் கொண்ட கலவையைக் கேளுங்கள். 4043 எளிதாக ஓடும், வெல்டிங் ஆறும்போது விரிசல் விடுவதும் குறைவு. ஆனால் மூலை வெல்டிங்கில் 5356க்குத்தான் வலிமை அதிகம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், அதன் மேலுள்ள ஆக்சைடோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அதனால் வெல்டிங்குக்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துப் பிரஷ் போட்டுத் தூய்மைப்படுத்தாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சிறுநீர் ஊறிய உலோகத்தில் ஈரமும் உப்பும் இருந்தால் வெல்டிங் முழுவதும் ஊசித்துளைகள்தான் விழும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ.டபிள்யூ.எஸ். டி1.2 விதிமுறைப்படி அலுமினியத்துக்குத் தேர்ச்சி பெற்றவரா என்று கேட்கலாம், அவ்வாறு கேட்பதில் தவறில்லை.

தச்சுப்பட்டறை_ஒன்டாரியோ

உலோக வேலை முடிந்த பிறகு வசிப்பறைத் தரையை இவ்வாறு அமைக்கலாம். சட்டங்களின் மேற்புறத்தில் பாலியஸ்டர் அல்லது அதைப் போன்ற கனமான பிளாஸ்டிக் நாடாவை ஒட்டி, மரமும் உலோகமும் நேரடியாகத் தொடாதபடி செய்யுங்கள். பதப்படுத்தாத, தண்ணீர் தாங்கும் பசையால் செய்த மரைன் ப்ளைவுட்டை வாங்கி, வெட்டி, துளைகளையும் போட்ட பிறகு ஆறு பக்கங்களிலும் எபாக்ஸி பூச வேண்டும். பூசிவிட்டுத் துளை போட்டால் அந்தத் துளையே தண்ணீருக்கு வாசலாகிவிடும். செலவைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால், படகு கட்டுவோர் பயன்படுத்தும் கண்ணாடியிழை கலந்த பாலியூரித்தேன் பலகை இன்னும் மேல். அதற்கு மக்குவது என்பதே இல்லை. எவர்சில்வர் திருகாணிகளை நைலான் வாஷரோடு பயன்படுத்துங்கள். தண்ணீர் தேங்காமல் வெளியேறச் சட்டங்களுக்கு இடையே வடிகால் துளைகளும் வேண்டும்.

அலமாரிகளும் குளியலறைச் சுவர்களும் பழைய தரையின் மேலேயே நிற்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். அவற்றைக் கழற்றாமல் சுவர் ஓரம் வரை வெட்டிப் புதிய துண்டைச் செருகினால் துண்டின் விளிம்பு தாங்கலின்றி நிற்கும். குறைந்தது குளியலறைத் தடுப்பையாவது கழற்றித்தான் ஆக வேண்டும்.

தென்காசியான்_டெக்சஸ்

முடிவு செய்துவிட்டோம். இரண்டு குறுக்குச் சட்டங்களையும் பின்னோரப் பலகைகளையும் மாற்றுகிறோம். அலுமினிய வேலை மட்டுமே செய்யும் வேறொரு பட்டறை ஒப்புக்கொண்டிருக்கிறது. தகடு போடுவதைவிடச் செலவு பல மடங்கு. காப்பீட்டில் கேட்டபோது, மெல்ல மெல்ல வரும் அரிப்புக்கு இழப்பீடு கிடையாது என்று எழுத்தில் பதில் வந்தது. ஆயினும் மகளும் குதிரையும் போகிற வண்டி. வசிப்பறைத் தரையை நானே தச்சரண்ணன் சொன்ன முறையில் போடப் போகிறேன். தொட்டியைப் பசையும் போல்ட்டும் கொண்டு நான்கு சட்டங்களில் பகிர்ந்து தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் தகடு வரும். வேலை முடிந்ததும் குதிரையை உடனே ஏற்றலாமா?

லாயம்_ஓக்லஹோமா

மிகவும் நிம்மதியாக இருக்கிறது அண்ணா. உடனே ஏற்ற வேண்டாம். முதலில் தொட்டியை நிரப்பி, குதிரை நிற்கும் இடங்களில் அதன் எடைக்கு ஈடாகத் தீவன மூட்டைகளை அடுக்கி, மேடு பள்ளமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து, புதிய வெல்டிங் ஓரங்களைச் சாயச் சோதனையால் பாருங்கள். அதில் சிவப்புக் கோடு இல்லையென்றால் குதிரையை ஏற்றிப் பக்கத்து ஊர் வரை போய் வாருங்கள்.

மேட்டுகளை இனி ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்து, தரையைக் கழுவிப் பின்கதவைத் திறந்தே காயவிடுங்கள். பெரிய மேட்டுகள் கனமாக இருந்தால் இரண்டாக வெட்டிக்கொள்ளலாம், மகளாலும் தூக்க முடியும்.

அர்கான்_திருவெறும்பூர்

சாயச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறை, தொட்டி தொங்கும் அந்த நான்கு சட்டங்களின் முனைகளிலாவது செய்யுங்கள். பட்டறையில் சட்டத்தைக் கழற்றியதும் பழைய முனையை வெட்டி எடுத்துவரச் சொல்லிப் படம் போடுங்கள். விரிசல் மேல் விளிம்பிலிருந்து கிளம்பியதா, போல்ட் துளையிலிருந்து கிளம்பியதா என்று பார்த்தால் தொங்கியின் புதிய இடத்தைச் சரியாகத் தீர்மானிக்கலாம்.